சமையல்கூடமும் மாலை வகுப்பும்: ஒரு கணக்காளரின் பதில்

கனடாவில், டொரோன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து நீங்கள் கேட்டிருந்தது இது: "நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, புதிதாகக் குடியேறிய குறைந்த வருமானக் குடும்பங்களின் பெண்களுக்காக ஒரு சமையல்கூடம் தொடங்க நினைக்கிறோம். அதில் வரும் லாபத்தைக் கொண்டு அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவது திட்டம். இத்தகைய சமூகத் தொழில் நிறுவனங்கள் உண்மையிலேயே பலன் தருமா, அல்லது இது தர்மத்துக்கு இட்ட இன்னொரு பெயரா?"

ஒரே கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று இருக்கின்றன. இப்படிப்பட்ட தொழில் தன் விற்பனையை மட்டும் நம்பி நிற்குமா? அதில் வேலை செய்யும் பெண்களின் வாழ்க்கை மாறுமா? அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பு உயருமா? முதல் கேள்விக்கு, பயிற்சியையும் சேர்த்துச் சுமக்கும் தொழிலென்றால், பெரும்பாலும் நிற்காது என்பதுதான் என் பதில். இரண்டாவதற்கு, மாறும், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. மூன்றாவதற்கு, உயரக்கூடும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வழியாக வருமென்று எனக்குத் தோன்றவில்லை.

நான் நியூயார்க்கில் பதினேழு ஆண்டுகளாக லாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அவற்றில் பாதிக்கு மேல் குடியேறிகளுக்கு வேலையும் பயிற்சியும் தரும் இடங்கள். ஆகவே நான் சொல்லப்போவது பேரேட்டின் பக்கத்திலிருந்து பார்த்தது. வகுப்பறைக்குள் நின்று பாடம் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. உங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் நிறுவனச் சட்டமும் என் துறை இல்லை. அந்தப் பகுதிக்கு உள்ளூர் வழக்கறிஞரைத்தான் நீங்கள் நாட வேண்டும்.

உங்கள் திட்டத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் எங்கள் ஊரின் ஹாட் பிரெட் கிச்சன். ஜெஸமின் ரொட்ரிகஸ் என்பவர் 2007இல் புரூக்ளினில் தம் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. பெண்களுக்குச் சிறுகடன் கிடைக்க உதவும் 'விமன்ஸ் வேர்ல்ட் பேங்கிங்' என்ற அமைப்பில் வேலைக்கு அவர் முயன்றபோது, அதைக் கேட்ட ஒருவர் 'பேங்கிங்' என்பதை 'பேக்கிங்' என்று காதில் வாங்கிக்கொண்டாராம். பெண்கள் கூடி ரொட்டி சுடும் ஓர் உலக நிறுவனம்! அந்தத் தவறு அவர் மனத்தில் தங்கிவிட்டது. பிறகு கிழக்கு ஹார்லெமில், ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் லா மார்க்கெட்டா என்ற பழைய சந்தைக் கட்டடத்துக்கு அடுப்பு இடம்பெயர்ந்தது. மொராக்கோப் பெண்கள் ம்ஸெமன் சுட்டார்கள். மடித்து மடித்துத் தட்டையாக்கும் அது, நம் வீச்சுப் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்றே சொல்லலாம். ஆர்மீனிய லவாஷ் இருந்தது, மெக்சிகோவின் மக்காச்சோளத் தோர்த்தியா இருந்தது. ஊரில் அம்மாவிடம் கற்ற கைவேலைக்கு இந்த நாட்டில் ஒரு விலை உண்டு என்று அந்தப் பெண்களுக்குக் காட்டிய இடம் அது. சம்பளத்தோடு பயிற்சி, ஆங்கில வகுப்பு, அதன்பின் வெளியே நல்ல வேலை என்பது ஏற்பாடு. பெரிய அங்காடிகளிலும் அந்த ரொட்டிகள் விற்றன.

இன்றும் அந்த அமைப்பு இருக்கிறது. ஆனால் ரொட்டி சுட்டு விற்கும் தொழிலை அது நிறுத்திவிட்டது. பயிற்சி கொடுப்பது, வேலைகொடுப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சிறிய உணவுத் தொழில் நடத்துபவர்களுக்குத் துணைநிற்பது என்று மாறிவிட்டது. இதை நான் தோல்வியாகப் படிக்கவில்லை. எதற்காகத் தொடங்கினார்களோ அதை வைத்துக்கொண்டு, அதைச் சுமக்க முடியாத வண்டியை மாற்றிக்கொண்டார்கள் என்றே பார்க்கிறேன். 1995இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தொடங்கிய பெர் ஸ்காலஸ் என்ற அமைப்பும் இதே பாதையில் போனது. பழைய கணினிகளைப் பழுதுபார்த்து ஏழைப் பள்ளிகளுக்குக் கொடுப்பதில் ஆரம்பித்தார்கள். காலப்போக்கில் கணினி வேலைக்கான பயிற்சியே அவர்களுடைய முதன்மைப் பணியாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை உங்கள் சமையல்கூடத்தை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் உதாரணத்துக்கு வைப்பவை. உங்கள் எண்களை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள். நான்கு பெண்கள், ஆளுக்கு வாரம் 25 மணி நேரம், மணிக்கு 18 டாலர் என்றால் 1,800 டாலர். ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு, விடுமுறைச் சம்பளம் என்று நிறுவனம் கட்ட வேண்டியதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,000. மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பொதுச் சமையலறை வாரம் 30 மணி நேரத்துக்கு 750. ஆர்டர் எடுக்கவும் கணக்குப் பார்க்கவும் பகுதிநேரமாக ஒருவருக்கு 600. பெட்டி, வண்டி, காப்பீடு எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 3,600. ஒரு சாப்பாடு 12 டாலருக்கு விற்கிறீர்கள், அதில் அரிசி, காய்கறி, எண்ணெய்க்கு 4 டாலர் போகிறது என்றால் கையில் நிற்பது 8. அப்படியானால் வாரத்துக்கு 450 சாப்பாடு விற்றால்தான் முதலுக்கு முதல். லாபம் என்ற சொல் 451ஆவது சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கிறது.

இதுவரை சாதாரண ஹோட்டல் கணக்குதான். பயிற்சி இனிமேல்தான் வருகிறது. அந்த நான்கு பேரில் இருவர் புதியவர்கள். முதல் எட்டு வாரங்கள் அவர்களுடைய வேகம் பழகியவர்களில் பாதிதான் இருக்கும். பழகிய இருவரில் ஒருவருக்கு, சொல்லிக்கொடுப்பதிலேயே மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விடும். கூட்டிப் பாருங்கள்: நான்கு பேர் செய்ய வேண்டிய வேலையில் மூன்றில் இரண்டு பங்குதான் நடக்கும். 450 சாப்பாடு 300 ஆகிவிடும். வாரத்துக்கு 1,200 டாலர் துண்டு விழும். எட்டு வாரங்களில் 9,600. இரண்டு பேரைத் தொழிலில் பழக்கியதற்கான விலை அது. அவர்கள் நன்றாகப் பழகியதும் நீங்கள் விரும்பியபடியே வெளியில் நல்ல வேலைக்குப் போய்விடுவார்கள், அடுத்த இருவர் வருவார்கள், மறுபடியும் 9,600. சாதாரண ஹோட்டல்காரர் பழகியவரைத் தக்கவைத்துக்கொள்ளப் பார்ப்பார். நீங்களோ அனுப்பிவைப்பதற்காகவே பழக்குகிறீர்கள். சாப்பாடு வாங்குபவர் இந்தச் செலவைத் தர மாட்டார். முதல் மாதம் அன்பினால் இரண்டு டாலர் கூடுதலாகத் தருவார்; ஐந்தாம் மாதம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்த 9,600 டாலரை யார் தரப்போகிறார்கள் என்பதைக் கடை திறப்பதற்கு முன்பே பெயர் குறித்து எழுதிவையுங்கள். அரசு மானியமா, அறக்கட்டளையா, நீங்கள் ஐவரும் மாதம் போடும் பணமா என்பது இரண்டாவது விஷயம். நான் கணக்குப் பார்த்த இடங்களில் மூடப்பட்டவை பல. அவற்றில் அநேகமாக எல்லாமே இந்தச் செலவை "போகப் போக விற்பனை கூடினால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போட்டவை. மானியம் வாங்குவதால் உங்கள் நிறுவனம் தர்மமாகிவிடாது. பள்ளிக்கூடம் நடத்தப் பொதுப்பணம் வாங்குவதைத் தர்மம் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? நீங்கள் நடத்துவதில் ஒரு பாதி கடை, ஒரு பாதி பள்ளிக்கூடம். கணக்குப் புத்தகத்தையும் அப்படியே இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் கடை நட்டமா பள்ளி நட்டமா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

இனி இரண்டாவது கேள்வி. இங்கே நான் மிகுந்த நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு: பிராங்க்ஸில் இருக்கும் கோஆப்பரேட்டிவ் ஹோம் கேர் அசோசியேட்ஸ். 1985இல் ரிக் சர்பின் என்பவரின் முயற்சியில், பன்னிரண்டு பணியாளர்களோடு தொடங்கியது. முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்ளும் பணி. அங்கே வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவரும். டொமினிகன் குடியரசிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் நிறையப் பேர். பின்னாளில் ஏறத்தாழ 2,000 பேர் வேலை செய்யும் அளவுக்கு வளர்ந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவுகளில் ஒன்று அது. ஆயிரம் டாலர் கொடுத்தால் ஒரு பங்கு. அதை மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. முதலில் ஒரு சிறு தொகை, மீதியை வாரச் சம்பளத்தில் சில டாலராகப் பிடித்துக்கொள்வார்கள். பங்கு வாங்கியவருக்கு இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் உண்டு, லாபம் வந்த ஆண்டில் அதில் பாகமும் உண்டு. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் நடக்கிறது. இந்த வேலைக்கு அமெரிக்க மத்திய அரசு விதித்திருக்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். இங்கே நான்கு வாரம். 1991இல் பயிற்சிக்கென்றே தனியாக ஒரு லாபநோக்கற்ற அமைப்பையும் உருவாக்கினார்கள். கடையையும் பள்ளிக்கூடத்தையும் பிரித்து வையுங்கள் என்று நான் மேலே சொன்னது அவர்களிடமிருந்து கற்றதுதான்.

ஆனாலும் அங்கே என்னை மிகவும் கவர்ந்தது பங்கும் வாக்கும் இல்லை. மூன்றாண்டு வேலை பார்த்த ஒருவர், ஒதுக்கப்படும் வீட்டுக்கு மறுக்காமல் போவதாகவும் சில வார இறுதிகளில் அழைத்தால் வருவதாகவும் ஒப்புக்கொண்டால், வாரம் 30 மணி நேரச் சம்பளம் உறுதி. வேலை குறைந்தாலும் உறுதி. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தத் தொழிலின் மற்ற இடங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் கணக்குப் பார்த்த வேறோர் ஏஜென்சியில், ஒரு பெண்மணியின் ஐந்து வாரச் சம்பளச் சீட்டுகளைத் திருத்தத்துக்காக வரிசையாக மேசையில் வைத்திருந்தேன். 38 மணி, 12 மணி, பூஜ்யம், 41 மணி, 20 மணி. பூஜ்யம் இருந்த வாரத்தில் அவர் கவனித்துவந்த பாட்டியை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பாட்டி வீட்டில் இல்லையென்றால் பணிப்பெண்ணுக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அந்த 41 மணி வாரத்தில் காலை ஐந்தரைக்குத் தொலைபேசி வந்திருக்கிறது. வேறொரு பகுதியில் ஆள் வரவில்லை, உடனே போக வேண்டும். அவருக்கு நான்காம் வகுப்புப் படிக்கும் மகன் ஒருவன். நூலகத்தில் சனிக்கிழமைதோறும் இலவசக் கணக்கு வகுப்பு நடந்தது. அதில் அவனுக்கு இடமும் கிடைத்திருந்தது. இரண்டு முறை அழைத்துவரவில்லை என்று அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். வகுப்பு இல்லாத குறை அங்கே இல்லை. எந்தச் சனிக்கிழமை தனக்கு வேலை இருக்கும் என்று அந்த அம்மாவுக்கு முன்கூட்டித் தெரியாததுதான் குறை. மணிக்கு எத்தனை டாலர் என்று மட்டுமே அதுவரை பார்த்துவந்தவன் நான். அந்த ஐந்து சீட்டுகளுக்குப் பிறகு, எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் மணி நேர அட்டவணையைக் கேட்கிறேன்: அடுத்த வாரம் எத்தனை மணி, எந்த நாள், எப்போது சொல்கிறீர்கள்?

நான் மேலே சொன்ன நிபந்தனை இதுதான். நிலையான மணி நேரம், முன்கூட்டித் தெரிந்த நாள். இவை இருந்தால் குறைந்த சம்பள வேலையும் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். இல்லையென்றால் நிறுவனத்தின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வீட்டுக்குள் பெரிதாக ஒன்றும் மாறாது. கூட்டுறவுக்கும் வரம்பு உண்டு. நியூயார்க்கில் வீட்டுப் பராமரிப்புக்கான பணம் பெரும்பாலும் மெடிக்கெய்ட் என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்திலிருந்தே வருகிறது. அதன் விகிதம் உயராமல், பணியாளர்களே முதலாளிகளாக இருந்தாலும், சம்பளத்தைப் பெரிதாக உயர்த்த முடிவதில்லை.

மூன்றாவது கேள்விக்கும் வழி இங்கிருந்துதான் போகிறது. 1990களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நியூ ஹோப் என்று ஒரு திட்டம் நடந்தது. வாரம் 30 மணி நேரம் வேலை செய்யும் ஏழைக் குடும்பத்துக்கு வருமானத்தில் ஒரு துணைத்தொகை, குழந்தைப் பராமரிப்புக்கு உதவி, மருத்துவக் காப்பீடு. வேலை கிடைக்காதவர்களுக்குச் சமூகப் பணியில் தற்காலிக வேலையும் உண்டு. யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால், பெற்றவர்களையும் பெறாதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பிள்ளைகளுக்கென்று அவர்கள் தனியாக வகுப்பு நடத்தவில்லை. அப்படியிருந்தும் அந்த வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், படிப்பிலும் நடத்தையிலும் முன்னேறியதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். பெற்றோருக்கு உதவி கிடைத்ததும் பிள்ளைகள் நல்ல பராமரிப்பு மையங்களுக்கும் பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகளுக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். வகுப்புகள் ஊரில் ஏற்கெனவே இருந்தன. போக வழிதான் இல்லாமல் இருந்தது. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் குடியேறிகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மொழித் தடை உள்ள வீட்டில் இதே பலன் இதே அளவில் வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

படிப்புக்கென்றே நடக்கும் நல்ல ஏற்பாட்டுக்கு நீங்கள் எங்கேயும் தேடிப் போக வேண்டாம், அது உங்கள் டொரோன்டோவிலேயே இருக்கிறது. ரீஜென்ட் பார்க் அரசுக் குடியிருப்பு, குடியேறிகள் நிறைந்த பகுதி. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் படிப்பை முடிக்காமல் நின்றுவிடும் நிலை இருந்தது. 2001இல் அங்குள்ள சமூக நல மருத்துவ மையம் பாத்வேஸ் டு எஜுகேஷன் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பாடம் சொல்லிக்கொடுப்பவர், அண்ணன் அக்காபோல வழிகாட்டும் ஒருவர், பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே போய்வரும் ஊழியர், இவற்றோடு பள்ளிக்குப் போய்வர டிக்கெட். பள்ளிக்குப் போனால்தான் டிக்கெட். படிப்பு முடிந்து கல்லூரிக்குப் போகும்போது 4,000 டாலர் வரை உதவித்தொகை. டொரோன்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியலாளர் பிலிப் ஓரியோபோலஸும் அவருடைய குழுவினரும் அதே நகரின் மற்ற அரசுக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பள்ளிப் படிப்பை முடிப்பவர்களும் மேற்படிப்புக்குப் போகிறவர்களும் பெருமளவில் கூடியிருப்பதைக் கண்டார்கள்.

இதைக் கவனியுங்கள்: அந்தத் திட்டம் எந்தச் சமையல்கூடத்தின் லாபத்திலும் ஓடவில்லை. நன்கொடையிலும் அரசு உதவியிலும் நடக்கிறது. அதோடு, ஒரு பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை விடாமல் பின்தொடர்வது நான்காண்டுப் பணி. வாரத்துக்கு 450 சாப்பாட்டில் முதலுக்கு முதல் ஆகும் கடையை நம்பி, ஒரு பிள்ளைக்கு நான்காண்டு வாக்குக் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஆர்டர் குறைந்ததென்று ஆசிரியரை நிறுத்தினால், பாதியில் விடப்பட்ட அந்தப் பிள்ளைக்கு நீங்கள் தொடங்காமலே இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால், மாலை வகுப்பை நீங்கள் நடத்தவே வேண்டாம். ஏற்கெனவே நன்றாக நடக்கும் இடத்தில் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, அவர்களுடைய அம்மாக்களின் வேலை நேரத்தை அந்த வகுப்பு நேரத்துக்குப் பொருத்தமாக வைத்துக் கொடுங்கள்.

உங்கள் சமையல்கூடத்துக்குள்ளேயே நடத்த வேண்டிய வகுப்பு ஒன்று இருக்கிறது: அம்மாக்களுக்கான ஆங்கிலம், வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு. குடியேறிய வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். வங்கிக்கு, வீட்டு உரிமையாளரிடம், மருத்துவரிடம் என்று எல்லா இடத்துக்கும் பள்ளிக்கு விடுப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். தாயின் உடம்பில் என்ன நோய் என்பதை மகள் தன் வாயாலேயே தாய்க்குச் சொல்ல நேரும் கொடுமையை யோசித்துப் பாருங்கள். அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் சிறுவர்களை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு விதியே இருக்கிறது. விதி இருந்தாலும் அந்தப் பிள்ளைகளை நான் காத்திருப்போர் வரிசையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா தன் வேலையைத் தானே பேசி முடிக்கும் நாளில், அந்தப் பிள்ளைக்குப் பள்ளி நாட்கள் திரும்பக் கிடைக்கின்றன.

என்னுடைய ஐயங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெர் ஸ்காலஸ் போன்ற பயிற்சிகளைக் குலுக்கல் முறையில் ஆய்ந்து, சம்பளம் நன்றாக உயர்வதை உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். அது உறுதியான செய்தி. ஆனால் அந்தப் பயிற்சிகள் ஆளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கின்றன. பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், நுழைவில் தேர்வும் நேர்காணலும் உண்டு. கையில் குழந்தையோடு, ஆங்கிலம் தெரியாமல், போன மாதம் வந்திறங்கிய பெண் அந்த வாசலிலேயே நின்றுவிடுவாள். உங்கள் சமையல்கூடம் அவளுக்காகத்தான் என்றால், அந்தப் பளபளப்பான முடிவுகளை உங்கள் விண்ணப்பத்தில் எழுதி மானியம் கேட்பது நியாயமில்லை. இன்னொன்று, பிழைத்து நிற்கும் நிறுவனங்கள்தான் நம் கண்ணில் படுகின்றன. மூடிப்போனவை தங்கள் கதையை யாரிடமும் சொல்வதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2005 முதல் குடியேறிய பெண்களுக்குச் சமையலறையைப் பகிர்ந்து கொடுத்து, அவர்களை உணவகச் சொந்தக்காரர்களாக்கிவரும் லா கொசினா மிக நல்ல அமைப்பு. அவர்களே 2021இல் டெண்டர்லாயின் பகுதியில் திறந்த உணவுச் சந்தையை இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நடத்த முடிந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு அலுவலகக் கூட்டம் அந்தத் தெருக்களுக்கு முழுதாகத் திரும்பவில்லை. பதினைந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே அப்படியென்றால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் கடையை நீங்கள் தொடங்க வேண்டாம். பள்ளி, அலுவலகம், முதியோர் இல்லம் என்று வாரந்தோறும் ஒரே அளவில் வாங்கும் இரண்டு மூன்று இடங்களைப் பிடித்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். வாங்குபவர் நிலையாக இருந்தால்தான் உங்கள் பெண்களுக்கு நிலையான மணி நேரத்தை நீங்கள் தர முடியும்.

சம்பளத்தைப் பற்றி மிகக் கண்டிப்பாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். பயிற்சி என்ற பெயரில், விற்பனைக்குப் போகும் பண்டத்தை யாரையும் சம்பளமில்லாமல் செய்யவைக்காதீர்கள். "நம் ஆட்கள்தானே" என்று கையில் காசாகவும் கொடுக்காதீர்கள். புதிதாக வந்தவர்கள் சொந்த மொழிக்காரர்களின் கடைகளிலேயே குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் கீழே வேலை பார்த்த கதைகள் எல்லாக் குடியேறிச் சமூகங்களிலும் உண்டு. சம்பளச் சீட்டு என்பது வெறும் தாள் இல்லை. வீடு வாடகைக்கு எடுக்க அது வேண்டும். உங்கள் நாட்டில் அம்மா அப்பாவை வரவழைக்க விண்ணப்பிக்கும்போது வரித்துறையின் கணக்கறிக்கையில் போதிய வருமானம் தெரிய வேண்டும். கையில் வாங்கிய காசு அங்கே கணக்கில் ஏறாது. ஒரு பெண்ணுக்குப் பத்து மாதம் ஒழுங்கான சம்பளச் சீட்டு கிடைத்தால், அதுவே அவளுக்கு அடுத்த வேலைக்கான சான்றும் ஆகிறது. உணவைக் கையாளும் சான்றிதழையும் உங்கள் செலவில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுங்கள். டொரோன்டோவில் சமையலறைக்கு அது எப்படியும் தேவை; அவர்கள் வேறிடம் போகும்போது அதுவும் கூடவே போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களிடம் வரும் பெண்களில் சிலர் ஊரில் செவிலியாக, மருந்தாளுநராக, கணக்காளராக இருந்தவர்களாக இருப்பார்கள். முதல் நாளே கேட்டுவிடுங்கள். அவர்களை இட்லி ஊற்றப் பழக்குவது இரு தரப்புக்கும் வீண். 2005இல் கல்கரியில் தொடங்கிய விண்ட்மில் மைக்ரோலெண்டிங் என்ற அமைப்பு, ஊரில் பெற்ற தகுதியைக் கனடாவில் உறுதிப்படுத்தத் தேவையான தேர்வு, படிப்புச் செலவுகளுக்கு 15,000 டாலர் வரை குறைந்த வட்டியில் கடன் தருகிறது. வங்கி கேட்கும் கடன் வரலாறு இல்லாதவர்களுக்கென்றே ஏற்பட்டது அது. அந்தப் படிப்பு நடக்கும் மாதங்களில் வீட்டு வாடகைக்கு வேண்டுமானால் உங்கள் சமையல்கூடத்தில் வாரம் 20 மணி நேரம் கொடுங்கள். அது அவர்களுக்குப் பெரிய கை கொடுத்தது போலாகும்.

ஆகவே இடத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் சனி, ஞாயிறு மட்டும் வாடகைச் சமையலறையில் நடத்திப் பாருங்கள். எத்தனை சாப்பாடு விற்றது என்பதோடு, ஒவ்வொரு பெண்ணுக்கும் எத்தனை மணி நேர வேலை எந்த நாளில் கிடைத்தது, அதை அவரிடம் எத்தனை நாள் முன்னதாகச் சொன்னீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பன்னிரண்டு வாரங்கள் ஆனதும் அந்த நோட்டின் பக்கங்களைப் பெயர்களை மறைத்து இங்கேயே பதிவிடுங்கள். வரி வரியாகப் பார்த்து, எங்கே துண்டு விழுகிறது என்று சொல்கிறேன்.